சின்ன வயசைத் தெரிந்தவர்

குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் சுரேஸ். கண்கள் மூடியிருக்கின்றன. ஸ்பேனர் பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. இந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கோபிக்கமாட்டார், மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார், நாம் போட்டு வைத்த பிளேன்டீ ஆறிப்போகும். கடைசியில் குழாயைப் பார்த்தபடியே சொல்வார்: "உள்ளுக்கு காத்து அடைச்சிருக்கு டீச்சர். மேல போயிட்டு வாறேன்." டீச்சர் என்பது நான். ஆரம்பத்தில் அவர் என்னிடம் பேசுகிறாரா குழாயிடம் பேசுகிறாரா என்று குழம்புவேன். இப்போது பழகிவிட்டது.

பசறைக்கு மேலே இருக்கும் தோட்டத்து லய வீடுகளுக்கும், அதற்குக் கீழே எங்கள் ஆசிரியர் விடுதிக்கும் ஒரே ஊற்றுத் தண்ணீர்தான். தேயிலைக்கு நடுவே கறுப்புக் குழாயில் இறங்கி வருகிறது. பன்றி மிதித்து உடைக்கும், மழைக்கு மண் இறங்கி இழுக்கும், போஞ்சிப் பாத்தி போட்டவர் எவராவது நைசாக ஓட்டை போட்டுக்கொள்வார். எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்து தண்ணீரை இறக்கிக் கொடுப்பது சுரேஸின் வேலை. நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தனியாக ஏறுவார், தனியாக இறங்குவார். துணைக்கு ஓர் ஆளைத் தருகிறேன் என்று தோட்டத்துத் துரை சொன்னபோது, "வேணாங்க, பேசிக்கிட்டே வருவாங்க" என்றாராம்.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று குரல் கொடுக்கமாட்டார். யாராவது பார்க்கும்வரை கேற்றருகே நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார். புதுச்சட்டை வாங்கினால் கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபலை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சும் நூலையும் அவர் மனைவி நிரஞ்சலா பிளேடால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ரொட்டியில் சம்பல் பட்டுவிடக்கூடாது. யாரும் மேலே உரசிவிடக்கூடாது. பொய் சொல்ல வராது. பசறையில் ஸனூஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் ஒருவர் வால்வு விலை பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற சுரேஸ், "இது ஒரு வருசம் தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். "இந்த மனுசன கடைக்குள்ள விட்டா நான் ஷட்டர இழுத்துட்டு வீட்டுக்குத்தான் போகணும்" என்பார் ஸனூஸ் நானா. ஆனாலும் சுரேஸ் வந்தால் உட்காரச் சாமான் அறைக்குள் ஒரு ஸ்டூல் உண்டு. அங்கே கூட்டம் இல்லை.

இன்னொரு விசித்திரம், அவர் நன்றி சொல்லும் முறை. எங்கள் பக்கத்தில் பழகினவர்களுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னால் "என்னா, பிரிச்சுப் பேசுற?" என்று கோபிப்பார்கள். சுரேஸ் சொல்வார், அதுவும் தாமதமாக. ஒரு நாள் வந்து கேற்றருகே நின்றார். போனேன். "போன கெழம நான் தண்ணித் தாங்கி மேல ஏறினப்ப ஏணிய புடிச்சீங்க. அதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு அந்த ஏணியே மறந்துபோயிருந்தது. எனக்குக் கிடைத்த நன்றிகளில் இப்படி விலாசம் எழுதி வந்தவை அவருடையவை மட்டும்தான்.

ஊர் அவருக்கு வைத்த பெயர்கள் வேறு. மண்டக்கனம், திமிரு புடிச்சவன், ஊரோட ஒத்து வாழத் தெரியாதவன். நாலைந்து வருஷத்துக்கு முன் நடந்த ஒரு காரியத்தோடு அந்தப் பெயர்கள் கல்லில் வெட்டின மாதிரி நிலைத்துவிட்டன. தோட்டத்தின் அடுத்த டிவிசனில் இருக்கும் அவருடைய அக்கா பாக்கியலெட்சுமியின் மகள் மேனுஷா என் மாணவி. அவளுடைய மஞ்சள் நீராட்டுக்கு நானும் போயிருந்தேன். தாய்மாமன் இல்லாமல் அந்தச் சடங்கு கிடையாது. சீர்த்தட்டு அவர் கையால் வர வேண்டும், முதல் மாலை அவர் கையால் விழ வேண்டும். சுரேஸ் வெள்ளை வேட்டி கட்டி, தட்டுகளோடு ஒழுங்காக வந்துதான் சேர்ந்தார். தம்பிக்குக் குறை வைக்கக்கூடாதென்று அக்கா அவரைச் சபையின் முன்வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார வைத்தார். ஆளுயர ஸ்பீக்கர் பொக்ஸ் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. பாட்டு, வீடியோக்காரரின் விளக்கு, குனிந்து குனிந்து தோளைத் தட்டி விசாரிக்கும் சொந்தங்கள். பிள்ளையை அழைத்து வரும் நேரம் பார்த்துத் தாய்மாமன் எழுந்தார், மாலையோடு பந்தலை விட்டு வெளியே நடந்தார், திரும்பி வரவேயில்லை.

அக்காவின் புருஷன் வீட்டுச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "கூடப் பொறந்தவனே சபையில வச்சு என் மானத்த வாங்கிட்டான்" என்று பாக்கியலெட்சுமி அழுததை நான் பார்த்தேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறதென்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். அதோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. ஏன் எழுந்து போனீர்கள் என்று கேட்டால் சுரேஸ், "இருக்க முடியல. அவ்வளவுதான்" என்பார்.

விஷயத்தை முதலில் பிடித்தது நிரஞ்சலா. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் வலிக்குத் தைலம் தேய்த்தபடி போனில் எதையாவது பார்ப்பது அவருக்குப் பழக்கம். ஒரு நாள் ஒரு தமிழ் டொக்டரின் பேச்சு வந்திருக்கிறது. ஓட்டிசம் என்கிற மதியிறுக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளதல்ல, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி நம் நடுவில்தான் இருக்கிறார்கள், பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்று சொல்லி, பெரியவர்களிடம் அது எப்படித் தெரியும் என்று விளக்கியிருக்கிறார். மறுநாள் நிரஞ்சலா என்னிடம் வந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "டீச்சர், அந்த டொக்டரு இவர பாத்ததே இல்ல. ஆனா எங்க வீட்டு மூலையில குந்திக்கிட்டு பாத்த மாதிரி சொல்றாரு. சட்ட லேபலக்கூட சொல்றாரு!"

பேச்சுக்குக் கீழே, தன்னைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு கேள்விக் கொத்து இருந்தது. சுரேஸ் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்றால் ஒரு தடவையல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் வந்தார்.

"'அடிக்கடி'ன்னு போட்டிருக்கு. அடிக்கடின்னா எத்தன தடவ டீச்சர்?"

"சும்மா ஒரு குத்துமதிப்பா போடுங்க, சுரேஸ்."

"குத்துமதிப்புன்னு இதுல இல்லியே."

பிறர் மனதில் இருப்பது உங்களுக்குச் சுலபமாக விளங்குமா என்று ஒரு கேள்வி. "பிறருன்னா யாரு? நிரஞ்சலாவா, கங்காணியா?" கூட்டமும் சத்தமும் உள்ள இடங்கள் உங்களைக் களைப்படைய வைக்கின்றனவா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசித்து முடிக்கும் முன்பே விரலை வைத்துவிட்டார்.

அவருக்குத் துணையாக இருக்கட்டுமே என்று நானும் அதே சோதனையைச் செய்தேன். கடலை கொறித்தபடி, அவர் கண்ணெதிரே, மடமடவென்று போட்டு முடித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு லேசா போட்டுட்டீங்க. அப்ப மத்தவங்களுக்கு இதெல்லாம் லேசா டீச்சர்?" என்றார். நான் தலையாட்டினேன். "எல்லாருக்கும் இப்பிடித்தான் கஷ்டம்னு நெனச்சேன். அவங்க எல்லாம் பல்ல கடிச்சிக்கிட்டு சமாளிக்கிறாங்க, எனக்குத்தான் தைரியம் பத்தலன்னு நெனச்சேன்" என்றார். கடலைத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சோதனையின் முடிவில், உங்களிடம் அறிகுறிகள் நிறையத் தெரிகின்றன, ஆனால் இது இறுதி முடிவல்ல, மருத்துவரைப் பாருங்கள் என்று வந்தது. நாமென்றால் பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்போம். சுரேஸுக்கு எழுதியிருந்தால் எழுதியிருந்ததுதான். "டொக்டர பாக்கச் சொல்லியிருக்கு. பாக்கணும்" என்று பதுளைக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே மனநல மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு, இது பிறவியிலேயே வருவது, நடுவில் வருவதல்ல, அதனால் உங்களைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர் யாரையாவது அடுத்த முறை கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஓர் ஆள்.

சுரேஸ் அக்கா வீட்டுக்குப் போய் வழக்கம்போல வாசலில் நின்றார். கூப்பிட அவருக்கு வராது. உள்ளேயிருந்து பார்த்த பாக்கியலெட்சுமி கதவைச் சாத்திக்கொண்டார். அவர் நின்றுவிட்டுத் திரும்பி வந்து நிரஞ்சலாவிடம், "அக்கா பாத்துச்சு. கதவ சாத்திருச்சு. அப்ப வராது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் நிரஞ்சலா போனார். போகும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டார். சங்கதியைக் கேட்டதும் பாக்கியலெட்சுமி பொரிந்து தள்ளிவிட்டார். "பைத்தியக்கார டொக்டருகிட்ட போயி, என் தம்பி கிறுக்கன்னு நான் வாயால சாட்சி சொல்லணுமா? எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. நாளைக்கு பொண்ணு கேட்டு வாறவன் என்னா சொல்லுவான்?" கிறுக்கு இல்லை, மூளை வேலை செய்யும் விதமே வேறு என்று நான் விளக்கப் பார்த்தேன். என் விளக்கம் விழலுக்கு இறைத்த நீர். நிரஞ்சலா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

"மதினி, அன்னைக்கு அவரு வீட்டுக்கு வரல. ஊத்து மேட்டுல போயி குந்தியிருந்தாரு. பொழுது பட்டப்பறம் நான்தான் தேடிப்போயி கூட்டியாந்தேன். மேனுஷாவுக்கு போட வச்சிருந்த மால கையிலயே இருந்திச்சு. அழுதுக்கிட்டிருந்தாரு."

"இத ஏன் எவளும் எனக்கு சொல்லல?" என்றார் பாக்கியலெட்சுமி.

"நீங்க பேசவே இல்லியே, மதினி."

பாக்கியலெட்சுமி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதுளைக்குப் போக வேண்டிய காலையில் தன் டிவிசன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றார், பள்ளிக்கூட விழாவுக்குக் கட்டும் சேலையோடு.

அன்றைக்குக் கல்வித் திணைக்களக் கந்தோரில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. பின்னேரம் பதுளை பஸ் நிலையத்தில் இருவரையும் கண்டேன். சுரேஸ் ஒரு தூணைப் பார்த்தபடி நின்றிருந்தார். பாக்கியலெட்சுமி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் வீங்கியிருந்தன. அடைத்து வைத்த தண்ணீர் திறந்த மாதிரி பேசினார்.

"டொக்டரு ஒண்ணொண்ணா கேட்டாரு டீச்சர். எல்லாம் ஞாபகம் வந்திருச்சு. இவன பிள்ளக் காம்பராவுல விட்டா மூச்சு நிக்கிற மாதிரி கத்துவான். அங்க புள்ளைங்கள பாக்குற ஆயாம்மா வேணாம்னுட்டாங்க. அம்மா கொழுந்தெடுக்க மலைக்கு போயிருவாங்க, நான்தான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு இவன பாத்துக்கிட்டேன். காமன் கூத்துக்கு தப்பு மேளம் அடிச்சா கட்டிலுக்கு கீழ போயிருவான். அப்ப நீங்க என்னா செஞ்சீங்கன்னு கேட்டாரு. நான் தூக்கிக்கிட்டு சத்தம் கேக்காத தூரத்துக்கு தேயிலைக்குள்ள போயிருவேன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு பொறி தட்டிருச்சு. சின்னப்புள்ளயா இருந்தப்ப தெரிஞ்ச எனக்கு, அன்னைக்கு தெரியாம போச்சே. அந்த பொக்ஸு பக்கத்துல குந்த வச்சவ நான்தானே!"

மருத்துவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஓட்டிசம்தான், இது மருந்து கொடுத்து மாற்றும் நோயல்ல, சத்தத்தையும் கூட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தருகிறேன், இன்னும் இரண்டொரு தடவை வாருங்கள் என்றிருக்கிறார். "எப்பிடி இருக்கு சுரேஸ்?" என்று கேட்டேன். தூணைப் பார்த்தே பதில் சொன்னார். "நல்லா இருக்கு டீச்சர். நான் கெட்டவன் இல்ல."

முகம் தெரியாத அந்தப் போன் டொக்டருக்கும், கால் வலியோடு உட்கார்ந்து அதைக் கடைசிவரை கேட்ட நிரஞ்சலாவுக்கும் நான் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். நாற்பது வருஷம் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, சில கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள ஒரு வழி கிடைத்ததே, அது பெரிய காரியம்.

பசறை பஸ் வந்து நின்றதும் வழக்கமான தள்ளுமுள்ளு. பாக்கியலெட்சுமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றைப் பிடித்தார். "தம்பி, ஜன்னல் பக்கம் போ" என்றார். நான் பின்சீட்டில் ஒட்டிக்கொண்டேன். பஸ் நிறைந்து, நடுவில் நிற்கவும் இடமில்லாமல் சனம் நெரிந்தது. மரக்கறி மூட்டையோடு ஒருவர் சீட்டின் மேல் சாய்ந்தார். "அக்கா, கொஞ்சம் உள்ளுக்கு தள்ளி குந்துங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பாக்கியலெட்சுமி அசையவில்லை. மூட்டைக்குக் குறுக்கே முழங்கையை நீட்டிக்கொண்டார். தம்பியின் தோளுக்கும் தன் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, பசறை வளைவுகள் முழுக்கப் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்க, முன்கம்பியை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து வந்தார்.