துரைக்குச் சுங்கான் செய்யப் போன பயணம்

மலாக்காவைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கோட்டை, கடற்கரை, பழைய கோவில் என்று எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது மலாக்கா நகரத்தை ஒட்டிய பாச்சாங்கிலிருந்து பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய், புகையிலைச் சுங்கான், அதாவது பைப், செய்யக் கற்றுக்கொண்டதைப் பற்றி. இதற்காக யாரும் பயணம் கிளம்புவதில்லை. நானும் ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை. 1951-ல், தீபாவளி கழிந்த வாரம், சைக்கிள் கடை முதலாளியிடம் கெஞ்சி ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு போனேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை போன மாதம் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டதால்தான் இவ்வளவாவது எழுதத் துணிகிறேன்.

அந்தத் தோட்டத்துக்குத் தச்சர் என் அண்ணன். துரைக்குச் சுங்கான் செய்து கொடுத்தவரும் அவர்தான். துரைக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. கடையில் விற்கிற சுங்கான் எதுவும் அவர் வாயில் நிற்காது, பேசினால் நழுவும். அண்ணன் எருமைக் கொம்பை இழைத்து அந்த வாய்க்கென்றே ஒரு வாய்க்கட்டை செய்தார். அது நின்றது. இன்னொன்று வேண்டும் என்று துரை கேட்டார். பரணில் காயப்போட்டிருந்த கட்டைகள் பல வெடித்துப்போனதால் புதிதாகக் கெமுனிங் மரத்து வேர் வேண்டும்; வேர் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே காட்டோரம்தான் கிடைக்கும். அண்ணன் போனார். திரும்பி வருவதற்குள் ஊரடங்கு தொடங்கிவிட்டது. கையில் கத்தி, தோளில் சாக்கு. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு வைத்துவிட்டு வருகிறான் என்று பட்டாளத்தார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேர் எடுக்க அனுப்பியது நான்தான் என்று துரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று மாதம் இப்படியே போனது. அண்ணனைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பிவிடப் போவதாகப் பேச்சு. நாலு வயதில் கப்பலில் வந்தவருக்கு இந்தியாவில் யாரைத் தெரியும்? அப்போதுதான் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி, லோரி டிரைவர் மூலம் எனக்குச் சேதி சொல்லி அனுப்பினார். துரையின் சுங்கான் உடைந்துவிட்டது, தச்சன் எப்போது வருவான் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்று. நானும் அண்ணியும் அதைப் பிடித்துக்கொண்டோம். அண்ணன் வைத்துவிட்டுப் போன கட்டையில் புதுச் சுங்கான் ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுப்பது. துரை மனம் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்து, போலீஸ் அதிகாரியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்படி கேட்பது. இதுதான் திட்டம். இதில் என்ன கோளாறு இருக்க முடியும்?

மலாக்கா பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணி பஸ். பெம்பானுக்கு அறுபது காசு. பதினைந்து மைல்தான், ஆனால் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்ததால் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மடியில் டிபன் கேரியரைப் பார்த்ததுமே கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சோறா தம்பி? இப்பவே தின்னுடு லா. அங்க சோதனையில பாத்தா, காட்டுக்குக் கொண்டுபோறேன்னு மண்ணுலதான் கொட்டச் சொல்லுவாங்க."

காலை ஏழரை மணிக்குப் புளிச்சோறு தின்றேன். எதிர் சீட்டில் ஒரு சீனக் கிழவி தன் ரொட்டியை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது சோதனையில் என் பையிலிருந்து கைத்துளைப்பானை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். இது எதற்கு என்று மலாய்க்காரப் போலீஸ்காரர் கேட்டார். சுங்கான் செய்ய என்றேன். அவர் சிரித்துவிட்டார். இங்கே நிற்கிற எட்டு மாதத்தில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன், இது புதுசு என்றார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள். அண்ணனும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்று அப்போது தோன்றியது.

பெம்பான் கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்குச் செம்மண் சாலையில் மூன்று மைல். வெயில் ஏறுமுன் நடந்துவிடுவது நல்லது. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல், மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கிராணி வாசலுக்கே வந்து என் பெயரைப் பதியவைத்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, எப்போதும் பாதிக்குரல்.

"நீங்க தங்கறதுக்கு ஒரு வாரம்தான் கேட்டு வாங்கியிருக்கேன். அதுக்குள்ள முடிச்சிடுங்க. தொரை இப்ப சிகரெட்டுதான் ஊதுறாரு, எரிஞ்சு எரிஞ்சு விழுறாரு. தச்சன் இல்லாம கஷ்டமா இருக்குன்னு நேத்துகூட சொன்னாரு."

"அப்ப அண்ணன விடச் சொல்லுவாருங்களா?"

"சொல்லுவாருன்னுதான் நெனைக்கிறேன்," என்றார் கிராணி.

அண்ணி ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மதியம்தான் லயத்துக்கு வருவார். இரண்டு பிள்ளைகள். அண்ணன் வேலை செய்யும்போதெல்லாம் கூட உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தவர் அண்ணி; எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு வேலையின் வரிசை தெரியும், கைப்பழக்கம் இல்லை. எனக்குத் துளைபோடும் கை உண்டு, வரிசை தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அண்ணன் ஆக முடியுமா என்று பார்த்தோம்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். வேர்க்கட்டையை வெட்டிய உடனே அரை நாள் கொதிக்கும் நீரில் வேகவைக்க வேண்டும். உள்ளே இருக்கிற பால் இறங்கிவிடும். பிறகு நிழலில் மாதக்கணக்கில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரத்தோடு செய்தால் முதல் புகையிலேயே பிளக்கும். அண்ணன் பரணில் வைத்துவிட்டுப் போனவற்றில் தேறியது இரண்டே கட்டை.

முதலில் சுங்கானுக்கு உருவம் கொடுக்கக் கூடாது. நான் அதைத்தான் செய்யப் போனேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைகளைப் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் இறுக்கிப் பிடிக்கவும் குறி பார்க்கவும் முடியும். புகையிலை போடுகிற குழிக்கு அண்ணன் பழைய அரம் ஒன்றைத் தீட்டிக் கரண்டி மாதிரி ஒரு துளையுளி செய்து வைத்திருந்தார். அதனால் குழியின் அடி உருண்டையாக வரும். பிறகு பக்கத்திலிருந்து புகைத்துளை. மெல்லிய அந்தத் துளை குழியின் அடிப்புள்ளியில், சரியாக நடுவில் போய்த் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரம் தங்கும். கீழே போனால் கட்டையே ஓட்டை.

முதல் கட்டையில் கீழே போய்விட்டேன். வலது கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது, அவ்வளவுதான். துளைப்பானின் முனை கட்டையின் அடிப்பக்கம் வெளியே எட்டிப் பார்த்தது. அண்ணி கட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்பில் செருகினார். அன்று இரவுச் சோறு அதில்தான் வெந்தது.

இரண்டாவது கட்டைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். சைக்கிள் கம்பி ஒன்றைக் குறி பார்ப்பதற்காகக் கட்டையின் மேல் குழிக்கு நேராகக் கட்டினோம். அண்ணி எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கை எறங்குது தம்பி. ஏத்துங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க."

துளை நடுவில் திறந்தது. விரலால் குழியை மூடிக்கொண்டு ஊதிப் பார்த்தேன். பக்கத்தில் எங்கும் காற்றுக் கசியவில்லை. அண்ணி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ரம்பம், அரம், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டல். கடைசித் தேய்ப்புக்கு மலாய்க்காரர்கள் பயன்படுத்துகிற சொரசொரப்பான மெம்பெலாஸ் இலை. உப்புத்தாளைவிட அது நயமாகத் தேய்க்கும். கடைசியில் தேன்மெழுகு.

வாய்க்கட்டைதான் உயிர். துரை குப்பையில் போட்ட பழைய சுங்கானைக் கிராணி எடுத்து வைத்திருந்தார். கொம்பில் துரையின் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. எருமைக் கொம்பைச் சூடான எண்ணெயில் போட்டால் இளகும். இளகும்போது வளைத்து, ஈரத்துணியில் அழுத்திப் பிடித்தால் அந்த வளைவு நிற்கும். பழைய தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இடப்பக்கம் அகலமாக, ஈறில் அமர்கிற மாதிரி அரத்தால் இழைத்தேன். ஒரு மனிதனின் வாயை இவ்வளவு அக்கறையாக நான் யோசித்ததே இல்லை. அண்ணனின் உயிர் அந்த அரை அங்குலத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இழைத்தேன். உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. அண்ணன் செய்தது எது, நான் செய்தது எது என்று அண்ணியாலேயே சொல்ல முடியவில்லை. நாங்கள் இருவரும் அன்று சிரித்தோம். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அதுதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பங்களாவுக்குப் போனோம். கிராணி முன்னால், நான் நடுவில், அண்ணி பின்னால். துரை வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். சுங்கானை வாங்கி வாயில் வைத்தார். இடப்பக்கம் தள்ளினார், கடித்தார், தலையை ஆட்டினார். அது அசையவில்லை. புகையிலை நிரப்பிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"ரொம்ப நல்லா இருக்கு. யாரு செஞ்சது? நீயா?"

"ஆமாங்க தொரை."

"உங்க அண்ணன் மாதிரியே செய்றே."

இதுதான் நேரம் என்று அண்ணனைப் பற்றிச் சொன்னேன். வேர் எடுக்கத்தான் போனார், துரைக்கே தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அண்ணி கைகூப்பி நின்றார். துரை கிராணியைப் பார்த்து இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். கோபமாகப் பேசவில்லை, ஏதோ நல்ல யோசனை சொல்கிறவர் மாதிரிதான் பேசினார். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தொரை என்ன சொல்றாருன்னா... தச்சன் இல்லாம முடியாதுன்னு, இந்த வாரம் அதிகாரிக்கிட்ட பேசலாம்னுதான் இருந்தாராம். இப்ப நீங்க வந்துட்டீங்க. போலீஸ் விஷயத்துல தலையிட்டா அவருக்கும் சிக்கல்தானாம். ஒண்ணாம் தேதியிலேருந்து உங்களையே வேலைக்கு வரச் சொல்றாரு. அந்த அம்மாவும் லயத்துலயே இருந்துக்கலாமாம்."

துரை எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். உதவி செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. இனி அவரிடம் சுங்கானைத் திருப்பிக் கொடுங்கள் என்பதா?

பங்களா மேட்டிலிருந்து பாதி வழி இறங்கியிருந்தோம். அண்ணி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கொஞ்சம் கோணலா செஞ்சிருக்கலாம் தம்பி. வாயில உறுத்துற மாதிரி."

வேலையை ஏற்றுக்கொண்டேன். நான் மறுத்தால் அண்ணியும் பிள்ளைகளும் அந்த அறையைக் காலிசெய்ய வேண்டும் என்று கிராணி சொன்னார். பிறகு ஒருமுறை முகாமுக்குப் போய்க் கம்பிவலைக்கு வெளியே நின்று அண்ணனைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தொள நடுவுல தொறந்துச்சா?" என்றார். தொறந்துச்சு என்றேன். "அது கஷ்டமாச்சே," என்றார். சில மாதம் கழித்து அவரைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் அவரிடம் அனுப்பச் சொல்லி மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணனிடமிருந்து இரண்டு கடுதாசி வந்தது. ஆற்காட்டுப் பக்கம் ஏதோ மர அறுவைக் கடையில் கூலியாக இருக்கிறாராம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. துரை போகிறபோது நான் செய்த சுங்கான்கள் நான்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது மலாக்காவில் பல இடங்களில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. பெம்பானுக்குப் போகிறவர்கள் சோற்றைக் கொண்டுபோகலாம், யாரும் கொட்டச் சொல்வதில்லை. பஸ் கட்டணம் ஐந்து காசு கூடியிருக்கிறது. மாலை பஸ்ஸும் உண்டு. அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள். சுங்கான் கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் வரலாம். மெம்பெலாஸ் இலை கிடைக்காவிட்டால் உப்புத்தாளே போதும், கட்டை மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் உள்ளே இருந்து, அவருக்காக எந்தத் துரையையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், வெறுங்கையோடு போங்கள். அவர் இல்லாமல் துரைக்கு எது குறைகிறதோ, அது குறைந்தபடியே இருக்கட்டும்.