பிரதான் வீட்டுக் கதவில் எண் இல்லை

டெல்லியில் நாலா எனும் சாக்கடைக் கால்வாயை ஒட்டிய அந்தக் குடிசைக் கேம்பில் இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகளில் சிவப்புச் சாயத்தில் எண் எழுதியிருந்தது. கேம்புக்காரர்கள் தேர்ந்தெடுத்த தலைவர், பிரதான் ஜெயபாலின் கதவில் மட்டும் இல்லை. எண் இருந்தால் காகிதங்களைக் காட்டி நரேலா பக்கம் அரசாங்க ஃப்ளாட் கேட்கலாம். இல்லாவிட்டால், வியாழக்கிழமை புல்டோசர் வரும்போது சாமான்களோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அதிகாரிகள் கணக்கெடுக்க வந்த அன்று ஜெயபாலின் மனைவி சகாயமேரி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பிருந்த பிரதான் எந்தப் பட்டியல் வந்தாலும் தன் வீட்டை முதலில் எழுதவைத்தவன். தலைவன் பிறர் கால் கழுவுகிறவனாக இருக்க வேண்டும், சீடர்களின் காலைக் கழுவிய இயேசு அப்படித்தான் இருந்தார் என்று சொல்லித்தான் ஜெயபால் ஓட்டுக் கேட்டிருந்தார். "மேரா கர் ஆகிர் மே, ஸாப்" என்று, தன் வீட்டைக் கடைசியில் எழுதச் சொல்லி அவர்களை அழைத்துப் போனார். மழை பிடித்தது. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களை அன்றே நிறுத்திக் கேட்கச் சகாயமேரி நினைத்தாள். ஆனால் ஆண்கள் கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அதன்பின் நான்கு மாதம் ஜெயபால் மற்றவர்களின் மனுக்களோடு அலைந்தார். அதில் அவருடைய கேண்டீன் சமையல் வேலை போயிற்று. ஆர்.கே.புரத்தில் அவள் பாத்திரம் தேய்த்துத்தான் அடுப்பு எரிந்தது. தன் மனுவை, அவள் அழுத பிறகு, திங்கட்கிழமைதான் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மனுக்களுக்குக் கடைசி விசாரணை. விடியலில் வரிசையில் நின்று ஒரு டோக்கன் வாங்கினார்கள். ஒரு டோக்கனுக்கு ஒரு மனுதான். மாலை நாலரை மணிக்கு, அவர்கள் முறை வரும் நேரத்தில், அஞ்சலை மூச்சிரைக்க வந்தாள். அதே கேம்பில் இருப்பவள், கணவன் இல்லாதவள்.

"அண்ணே, கார்டுல பேர் தப்புன்னு என்னைத் தள்ளிட்டாங்க. டோக்கனும் தீந்துபோச்சாம்."

ஜெயபால் டோக்கனைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றாள் சகாயமேரி மெதுவாக.

வரிசையில் பின்னால் நின்ற கேம்புக்காரன் செந்தில்குமார் சிரித்தான். "பிரதான்ஜிக்கு என்னக்கா கவலை? கதவுல நம்பர் இல்லாட்டி என்ன, உள்ளுக்குள்ள எப்பவோ ஃப்ளாட் வாங்கியிருப்பாரு!"

கணவரின் காது சிவப்பதைச் சகாயமேரி பார்த்தாள். அடுத்த நிமிஷம் டோக்கன் அஞ்சலையின் கையில் இருந்தது.

அஞ்சலையின் காகிதத்தில் முத்திரை விழுந்தது. ஜன்னலை மூடப்போன குமாஸ்தாவின் முன் சகாயமேரி கையை வைத்தாள்.

"ஸாப், ஹமாரா பீ ஹை," என்று தங்கள் மனுவையும் நீட்டினாள்.

"கர் கா நம்பர்?" என்று அவன் வீட்டு எண்ணைக் கேட்டான்.

"நஹீ ஹை," இல்லை என்றாள்.

"நம்பர் இல்லேன்னா வீடே இல்லம்மா," என்று இந்தியில் சொல்லிவிட்டு அவள் கையை விலக்கினான்.

பஸ் ஸ்டாப்பில் சகாயமேரி கேட்டாள்.

"அஞ்சலை பாவம்னுதான் குடுத்தீங்களா?"

ஜெயபால் தரையைப் பார்த்தார். "இல்ல மேரி. செந்தில் பேசுனது தாங்கல."

"இயேசு கால் கழுவுனப்ப தன் கையாலதாங்க கழுவுனாரு. நீங்க என் கூரையைத்தான பிரிச்சுக் குடுத்துட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல. தப்புதான்," என்றார். அதற்காகக்கூட அவளால் இரங்க முடியவில்லை.

மறுநாள், வீட்டில் மீதமிருந்த ஒரே நாள், ஃபோன் அடித்தது. எடுத்தவள் சகாயமேரி. செந்தில்குமாரின் குரல்.

"அக்கா, பிரதான்ஜிய ஜல்தி அனுப்புங்க. நம்ம சந்துல பீரோ இறக்க ஆளில்ல."

ஜெயபால் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"வரமாட்டாரு. அவரு வீட்டு சாமான் கட்டறாரு."

ஃபோனை வைத்துவிட்டுக் கயிற்றை அவர் மடியில் போட்டாள். அவர் டிரங்குப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். அதை எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.