கிரேஸ் அக்கா தந்த வெறுங்குச்சி

திங்கட்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது போன் வந்தது. கிரேஸ் அக்காவின் மகள் ஜெபா பேசினாள். "சித்தி, அம்மா போயிட்டாவ." அழுது ஓய்ந்தபின் இன்னொன்றும் சொன்னாள். அடக்க ஆராதனையில் அக்காவைப் பற்றி நான்தான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். அக்காவே சொல்லி வைத்திருக்கிறார்களாம். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. முதல் செய்திக்கு அழுகை வந்தது. இரண்டாவதற்குக் கைகால் நடுங்கியது. என் வாயைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததா?

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஆயுசில் பாதியைக் கழித்தவர்கள். சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் பாய் விரிப்பதும், முடிந்தபின் சுருட்டி வைப்பதும் அவர்கள்தான். ஆபீசில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, மருந்தில் முக்குவதற்காகக் கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள் நான். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் வேதத்தை மூன்று தரம் முழுதாக வாசித்திருக்கிறேன். அதனால் யாருக்கும் எதையும் சொல்லலாம் என்று ஒரு எண்ணம். பிரசங்கம் நீளம் என்று போதகரிடமும், சுருதி சேரவில்லை என்று பாடகர் குழுவிடமும் முகத்துக்கு நேரே சொல்வேன். அதையும் ஊழியம் என்றே நினைத்தேன்.

நாங்கள் ஆபீசில் இருந்த காலத்தில் ஜெபாவுக்குக் கயத்தாற்றில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எப்போதாவது வலிப்பு வரும். அதை அக்கா என்னிடம் மட்டும் சொல்லி அழுதார்கள். புதன்கிழமைக் கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டதும் நான் எழுந்தேன். "கிரேஸ் அக்கா மகளுக்கு வலிப்பு வருது. கல்யாணத்துக்கு முன்ன சொகமாகணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க." கண்ணீர்விட்டு ஜெபித்தோம். கண்ணைத் திறந்தபோது அக்காவைக் காணோம். பாய் சுருட்டாமல் கிடந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் சேதி கயத்தாறு போய்ச் சேர்ந்து சம்பந்தம் நின்றது. சாயங்காலம் ஜெபாவைக் காணவில்லை.

அக்கா என் வாசலுக்கு வந்தார்கள். கிழித்துப்போடுவார்கள் என்று சுவரோடு ஒண்டி நின்றேன். ஒரு சொல் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம், இல்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தண்டவாளத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அக்காவின் முதுகையே பார்த்து ஓடினேன். 'ஆண்டவரே, என் நாக்கை எடுத்துக்கொள்ளும், அந்தப் பிள்ளையை விட்டுவிடும்' என்று மனதுக்குள் கதறினேன்.

பிளாட்பாரத்தின் கடைசியில், விளிம்புக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தாள். அக்கா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி எங்களை உரசுகிற மாதிரி வந்து நின்றது. எதற்காக அங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுதான்.

வெள்ளிக்கிழமை வேலையில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களாகவே பேசினார்கள்.

"ஞாயித்துக்கெழம நானே மாப்பிள்ளை வீட்ல போய்ச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ சொன்னது பொய்யில்லட்டி. ஆனா அத நீ சொல்லியிருக்கக் கூடாது."

பிறகு குவியலிலிருந்து மருந்து முக்காத வெறுங்குச்சி ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்கள். "வாய் துறுதுறுங்கும்போது இத பல்லுக்கு நடுவுல குறுக்க வச்சுக்கோ. நேத்து ஒன் வாசலுக்கு வரும்போது என் வாயிலயும் ஒண்ணு இருந்துச்சு. இல்லன்னா நீ இன்னைக்கு வேலைக்கு வந்திருக்க மாட்ட."

அன்றிலிருந்து பயத்தில் குச்சியும் வாயுமாகவே இருந்தேன். ஒருநாள் மேஸ்திரி ஒரு பிள்ளையைத் தகாத வார்த்தையில் வைதபோதும் வாய் திறக்கவில்லை. அக்கா என்னை முறைத்தார்கள். "ஏட்டி, குச்சி என்ன ஒட்டியா போச்சு? இப்ப துப்பிட்டுப் பேசு." பேசினேன். மேஸ்திரி அடங்கினான்.

அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டில் அக்காவே எல்லாவற்றையும் சொன்னார்கள். இன்று ஜெபாவுக்கு இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வாசித்தும் காட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அடக்க ஆராதனை. பெட்டிக்கு அருகே என் பேரைச் சொல்லி அழைத்தார்கள். அக்காவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு சொல் என் நாக்கு நுனியில் நின்றது. உள்ளதுதான். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒருவரை அது வெட்டிப்போட்டிருக்கும். பிளாட்பாரத்தில் ஓடியபோது இருந்த அதே நடுக்கம் எனக்கு. அன்றும் பல்லிடையில் ஒரு குச்சி வைத்திருந்தேன்; அதை எடுக்கவே பயந்தேன். கடைசியில் எடுத்துவிட்டு இவ்வளவுதான் சொன்னேன்: "அக்கா மகளுக்கு நான் பெரிய தீங்கு செஞ்சேன். அக்கா என்ன ஒரு வார்த்த வையல. அவிய தேடக் கூப்பிட்டாவ, நான் போனேன்."

உட்கார்ந்தேன். ஜெபா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டதை இங்கேயும் எழுதவில்லை.

பல் பதிந்த அந்தக் குச்சி என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இந்தப் புதன்கிழமை பாயை நான் சுருட்டி வைத்தேன், அக்கா. போய் வாருங்கள். பேச எழுந்தால் இன்னும் எனக்கு நடுங்குகிறது. அந்த நடுக்கம் என்னோடேயே இருக்கட்டும்.