ஜும்ஆ வரிசையில் ஓர் இடம்

வாணியம்பாடியில் தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், சின்ன வகுப்புக்கு மார்க்கப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முப்பதுகளின் தொடக்கம் அது. கலிமா, தொழுமுன் கை கால் கழுவும் ஒளு, தொழுகை, அதோடு நல்ல பழக்கங்கள், ஒழுக்கங்கள். கலிமாவைப் பிள்ளைகள் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடும். ஒழுக்கம்தான் இழுக்கும். தும்மினவருக்காக அல்லாஹ்விடம் துஆ செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், வீட்டு ஆட்டுக்குட்டி தும்மியதற்கும் துஆ செய்துவிட்டு வந்து பெருமையாக நிற்பாள் ஒருத்தி. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்ததால் எதையும் இரண்டு பாஷையில் சொல்ல வேண்டும். எனக்கோ பொறுமை கம்மி. என் குரல் தெருமுனை வரை கேட்கிறது என்று என் வீட்டுக்காரரே குறைப்பட்டிருக்கிறார்.

ஒரு நாள் பாடம், பள்ளிவாசலில் நடந்துகொள்ளும் முறை. பச்சை வெங்காயம், பூண்டு தின்றுவிட்டு அந்த வாடையோடு தொழப் போகக்கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் மலக்குகளான வானவர்களுக்கும் தொந்தரவு என்றேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தகப்பனார் தோல் பதனிடும் ஷாப்பில், பச்சைத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்பவர்.

“உஸ்தாத்பீ, தோல் வாடை வந்தாலும் போவக்கூடாதா?”

“அது வேற. அது வேலை செய்யற வாடை. குளிச்சி, சுத்தமான துணி கட்டிக்கினு தாராளமா போவலாம்.”

“எங்க அத்தா குளிச்சிட்டுத்தான் போனாரு. அப்ப ஏன் பக்கத்துல நின்னவரு மூக்கைப் பொத்திக்கினு அந்தாண்ட போய்ட்டாரு? அத்தா இப்பல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே போறதில்ல. வூட்லயே தொழுதுக்கறாரு.”

“யாரு அந்த மரியாதை தெரியாத ஆளு?” என்று கத்தினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள்: “ஒங்க வூட்டு மாமாதான், உஸ்தாத்பீ.”

அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. மணி அடிக்கும் வரை பிள்ளைகளை நபி பேரில் ஸலவாத் ஓதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அதே ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரித்துப் பட்டணத்துக்கு ரயிலேற்றுகிறவர். ஆவாரம்பட்டையில் ஊறி வந்த தோலின் வாசம் அவருக்கு அத்தர். பச்சைத் தோலின் வாடை மட்டும் ஆகாது. சுண்ணாம்புக் குழியில் ஒருவர் இறங்காவிட்டால் தனக்குத் தரம் பிரிக்க ஒன்றும் இருக்காது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, பிறகு கேட்டேன்.

“நவுந்தது நெஜந்தான்” என்றார். “கூட்டம் ஜாஸ்தி, ஒரே புழுக்கம். தலை சுத்திச்சி. அவரு மனசு நோவணும்னு செய்யல.”

“நொந்துபோயி அவரு ஜும்ஆவையே வுட்டுட்டாரு. தெரியுமா?”

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். “சரி, ஆளு வுட்டுச் சொல்லியனுப்பறேன்.”

“ஆளு போனா வேலைக்குக் கூப்பிடறாங்கன்னுதான் நெனப்பாரு. நீங்களே போயி கூட்டிக்கினு வாங்க. பக்கத்துல நின்னு தொழுங்க. இல்லாங்காட்டி நான் அந்தப் புள்ளைங்க எதிர்ல இன்னா மூஞ்சியோட நிப்பேன்?”

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஷேர்வானியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு வெகு முன்னாலேயே கிளம்பினார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. நேராகப் பள்ளிவாசலுக்கே போய்விடுவாரோ என்ற நினைப்பில் அடுப்பில் தால்ச்சாவை அடிப்பிடிக்க விட்டேன்.

திரும்பி வந்தவர் ஷேர்வானியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவராகவே ஆரம்பித்தார்.

“வூட்டுக்கே போயி கூப்பிட்டேன். வந்தாரு. கடைசி வரிசையிலதான் நிப்பேன்னுட்டாரு. நான் பக்கத்துல நின்னா அவரு நவுந்துக்கறாரு. என் துணியில வாடை ஒட்டிக்குமாம். நானும் நவுந்தேன். அவரு இன்னும் நவுந்தாரு. கடைசியா சுவரு வந்துடுச்சி. அதுக்கு மேல எங்க போவாரு? தோளோட தோள் சேர்ந்து நின்னேன்.”

“தலை சுத்தலையா?”

என் நாக்குக்கு அப்போதும் அடக்கமில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“தொழுது முடிச்சி முஸாஃபஹா பண்ணக் கையை நீட்டினேன். அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினாரு. நானே இழுத்துப் புடிச்சிக்கினேன். வுட மனசு வரல. அவரு கை முழுக்க சுண்ணாம்பு அரிச்ச வெடிப்பு. அவரு அழுதுட்டாரு.”

எனக்கும் அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல் எழுந்து போய்ச் சோற்றை எடுத்து வைத்து, கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவர் தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கயே வை” என்றார். “கொஞ்ச நேரம் கழிச்சி கழுவறேன்.”