பிள்ளைக்காம்பராவில் ஒரு தன்னம்பிக்கை வகுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குத் தங்களைத் தாங்களே நேசிக்கத் தெரியவில்லை என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. மஸ்கெலியாவிலிருந்து அவள் வந்த ஆட்டோ சேற்றில் மாட்டி, ஒருவழியாக மத்தியானத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. வகுப்பு நடந்தது நான் வேலை செய்யும் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு அவர்களுடைய குழந்தைகளைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொள்கிற இடம் அது. அங்கே ஆயா நான்தான்.

ஆயா என்பது சம்பளத்துக்கான பெயர். பிள்ளைகள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடும். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பாலைக் கரைத்துக் கொடுப்பவளை, மூக்கைத் துடைப்பவளை, மடியில் போட்டுத் தூங்கவைப்பவளை ஒரு பிள்ளை வேறு என்னவென்று கூப்பிடும்? சாயங்காலம் பெற்றவள் வந்து கையை நீட்டினால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும். தாய்மாருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். எனக்குப் பிள்ளை இல்லை. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நாளெல்லாம் மழையில் நனைந்து, விரலெல்லாம் வெடித்து வந்து நிற்கும் ஒருத்தியை அவள் பிள்ளையே வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். கெட்ட சந்தோஷம்தான். வேறு சந்தோஷம் இருந்திருந்தால் இதை வைத்திருக்க மாட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் என் அடுத்த வீட்டுக்காரியின் மகள் முதன்முதலாக அம்மா என்று சொன்னதும் என்னைப் பார்த்துத்தான். சில நாள் கழித்து அவள், “எம் மக இன்னைக்கு அம்மான்னு சொல்லிட்டா” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு சீனி கொடுத்தாள். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த அளவுக்கு இரக்கம் எனக்கும் இருந்தது.

மிஸ் எங்களை வட்டமாக உட்காரவைத்தாள். ஃபோன் கேமராவைத் திருப்பி அவரவர் முகத்தைப் பார்த்து, “நான் அழகு” என்று சொல்லச் சொன்னாள். சொன்னோம். சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு நூல் பந்தை எடுத்தாள். நூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நமக்குப் பிடித்த ஒருத்தியிடம் பந்தை வீச வேண்டும். வீசும்போது அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

பந்து இங்கும் அங்கும் பறந்தது. நன்றாகப் பாடுவாள் என்றார்கள், கஷ்டத்துக்கு உதவுவாள் என்றார்கள், சண்டைக்குப் போகாதவள் என்றார்கள். என் மூக்குக்கு முன்னால் எத்தனையோ தடவை போனது. வந்தால் பிடிக்கலாம் என்று நான் சேலையில் கையைத் துடைத்து வைத்திருந்தேன். அது இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

“யாருக்காவது பந்து வரலையா?” என்று மிஸ் கேட்டாள். பந்து கடைசியாக அடுத்த வீட்டுக்காரியின் கையில் இருந்தது. வேறு வழியில்லாமல் என் பக்கம் உருட்டிவிட்டாள்.

“ஆயா நல்லா கூட்டுவாங்க. தரை சுத்தமா இருக்கும்” என்றாள்.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பீ மூத்திரம் அள்ளிய கை என்னுடையது. அந்தக் கைக்குக் கிடைத்த நல்ல வார்த்தை விளக்குமாறு.

“கடைசி ஆளு தன்னைப் பத்தித் தானே ஒரு நல்ல விஷயம் சொல்லணும். கூச்சப்படாம சொல்லுங்க அக்கா” என்றாள் மிஸ்.

நான் கூச்சப்படவில்லை. “ஒங்க புள்ளைங்க எல்லாம் என்னயத்தான் அம்மான்னு கூப்புடுதுங்க” என்றேன். “சாயங்காலம் ஒங்ககூட வரமாட்டேன்னு ஏன் அழுவுதுங்கன்னு நெனைச்சீங்க? இந்தா இருக்காளே, இவ மக மொத மொதல்ல அம்மான்னு சொன்னது என்னயப் பாத்துத்தான். இவ அப்ப மலையில நின்னா. அப்புறமா வந்து எங்களுக்கெல்லாம் சீனி குடுத்தா.”

அடுத்த வீட்டுக்காரி நூலை விட்டுவிட்டாள். அவள் முகம் எப்படி ஆனது என்று நான் நன்றாகவே பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். மிஸ்ஸுக்கு என்ன விளங்கியதோ, கைதட்டினாள். “பார்த்தீங்களா, இதுதான் தன்னம்பிக்கை” என்றாள். யாரும் கூடத் தட்டவில்லை. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வழக்கமாக வாசலிலேயே கையை உதறிக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை, அன்று நின்றது. “ஆயா” என்றது. சொல்லிவிட்டுத் திரும்பி, சரியாகச் சொன்னேனா என்று தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் தலையாட்டினாள். அதற்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் அப்படியே சொல்லின. ஒரே இரவில் எல்லா வீட்டிலும் பாடம் நடந்திருக்கிறது. சின்னவன் ஒருவன் மட்டும் மறந்துபோய் அம்மா என்று சொல்ல, அவனுடைய தாய் என் கண் முன்னாலேயே அவன் தொடையில் கிள்ளினாள்.

பத்து மணிபோல அடுத்த வீட்டுக்காரியின் மகள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். “அம்மா” என்று கத்திக்கொண்டு எழுந்து என்னை நோக்கி வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை, தாய் மலையில் இருந்தாள். நடுவில் நின்றபடி, யாரைக் கூப்பிட்டு அழுவதென்று தெரியாமல், சத்தம் வராமல் அழுதாள்.

அவளைத் தூக்கப் போனேன், பின்னால் நகர்ந்தாள். நான் முட்டிபோட்டுக் கீழே உட்கார்ந்து கையை நீட்டினேன்.

“வா புள்ள,” என்றேன். “ஆயாகிட்ட வா.”

அதற்குப் பிறகுதான் வந்தாள்.