அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எங்கள் ஊர் சபாக் கிளினிக்கில், தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவுக்காக டாக்டரிடம் பேசுவது எப்போதும் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அன்று அம்மா நீளமாகச் சொன்னார். "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது. மூணு மாசமா கைலிகூட இறுக்குது. ஒண்ணுக்கு அடிக்கடி வருதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. "கேஸ்ட்ரிக், டாக்டர்," என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். டாக்டர் மாத்திரை எழுதத் தொடங்கினார்.

அருகில் நின்ற மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி நிமிர்ந்தார். "தங்கச்சி, அம்மா இவ்ளோ சொன்னாங்க. நீ ஒரு வார்த்தைதான் லா சொன்னே!" என்றார் தமிழில். தமிழர்கள் வேலை செய்யும் தோட்டத்தில் வளர்ந்தவராம். அம்மா சொன்ன அத்தனையையும் மலாயில் டாக்டரிடம் சொன்னார். டாக்டரின் பேனா நின்றது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி தெரிந்தது. வயிற்றில் நீரும் இருந்தது. இரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கூட்டியது. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துச் சோதித்த பிறகே புற்றுநோய் என்று உறுதியானது. இப்போது கீமோ நடக்கிறது. குணமாகுமா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை. அந்த மாத்திரையோடு வீடு திரும்பியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

நேற்று வார்டுக்கு வந்த டாக்டர் நலம் கேட்டார். "கால் விரல் மரத்துப் போவுது. ஆஸ்பத்திரி சோறு வாயில வைக்க முடியல. அதையும் சொல்லுவியா?" என்று அம்மா சிரித்தார்.

"எல்லாத்தையும் சொல்றேம்மா."

ஒரு வார்த்தைகூட விட்டுப்போய்விடக் கூடாதே என்ற பயத்தில், சோற்றைப் பற்றியும் சொன்னேன்.