‘இல்லை’ என்று வந்த பதில்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, வேலை கிடைத்த சாட்சிகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். வேலை இல்லை என்று சொன்னதற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறவள் நான்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். என் கணவர் காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நானும் என் மகளும் ஆஸ்டின் டவுனில் அண்ணன் வீட்டில் இருந்தோம். ஜூன் மாதத்தில் அண்ணனுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஹூப்ளியில் அண்ணன் குடும்பத்துக்கே ஒற்றை அறைதான்; எங்கள் இருவருக்கும் போக்கிடம் இல்லை.

ஏற்கெனவே ஒரு துணி மில் ஆபீசுக்குக் குமாஸ்தா வேலை கேட்டு மனு போட்டிருந்தேன். சர்டிபிகேட்டின் நகல் போதும் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? அசலை வைத்தால் மதிப்பு கூடும் என்று டீச்சர் டிரெயினிங் சர்டிபிகேட்டையே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை. பதிலுக்கு ஸ்டாம்பு வைத்து இன்னும் இரண்டு கடிதம் போட்டேன். அதற்கும் இல்லை. நேரில் போனால், காகிதம் வரும் என்று கேட்டிலேயே காவல்காரர் திருப்பி அனுப்பினார்.

இதற்கிடையில் ஜீவனஹள்ளியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வந்தது. தங்க ஓர் அறையும் உண்டு. தலைமையாசிரியைக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டைக் காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்றார். மெட்ராஸுக்கு எழுதி வேறு பிரதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். அன்று நான் உடைந்துபோனேன். என் கையாலேயே என் மகளின் கூரையைப் பிடுங்கிப் போட்டேனே என்று அழுதேன்.

புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் எல்லோரும் எனக்கு மில் வேலை கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தினேன். அந்த வேலை வேண்டாம், அவர்கள் இல்லை என்று சொல்லி சர்டிபிகேட்டை அனுப்பினால் போதும், அதற்கு ஜெபியுங்கள் என்றேன்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலை கெடைக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்றவள இப்பதாம்மா பாக்கறேன்,” என்றார். ஆனாலும் முதலில் முழங்காலிட்டவர் அவர்தான்.

ஜெபத்தின் நடுவே ஒன்று சுருக்கென்று தைத்தது. இதுவரை எழுதியதிலெல்லாம் கெஞ்சியிருந்தேனே தவிர, சர்டிபிகேட்டைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு வரி கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். எழுந்ததும் மில்லுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். உங்கள் வேலை எனக்கு வேண்டாம், திங்கட்கிழமைக்குள் என் சர்டிபிகேட் வேண்டும், இல்லை என்று ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன் என்று. பயம் விட்டுப் போயிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நெற்றியில் நாமத்தோடு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டார். மில்லின் ஹெட் கிளார்க்.

“விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே ஆள் எடுத்தாச்சும்மா. யாருக்கும் பதில் எழுத வேண்டாம்னு மேலேர்ந்து உத்தரவு. உங்க லெட்டரைப் படிச்சப்பறம் மனசு கேக்கலை. மனுக் கட்டைப் பிரிச்சுத் தேடினேன். தபால்ல போட்டா திங்கக்கிழமை வந்து சேருமோ சேராதோ, அதான் நானே வந்துட்டேன்.”

உறைக்குள் சர்டிபிகேட் கசங்காமல் இருந்தது. கூடவே ஒரு சீட்டு. நான் கேட்டபடியே, வேலை இல்லை என்று தம் கையெழுத்தில் எழுதியிருந்தார். அதைப் பார்த்து வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஆண்டவர் யாரையும் அனுப்புவார், எந்த வீட்டிலிருந்தும் அனுப்புவார்.

இன்று அதே பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியை. ஓர் இடம் காலியானால் மனுக்கள் மேஜையை நிறைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்த வாரத்திலேயே பதில் எழுதுவேன். என்னைப் போன்ற கெட்டிக்காரிகள் அனுப்பிய அசலை முதலில் திருப்பி அனுப்புவேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

உங்களில் யாராவது பதிலுக்காகக் காத்திருக்கிறீர்களா? தைரியமாக ஆண்டவரிடம் கேளுங்கள். இல்லை என்று வந்தால், ஜெபம் கேட்கப்படவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். அவர் எனக்குத் தந்த ‘இல்லை’யில்தான் என் மகள் வளர்ந்தாள்.